வீட்டுச் சமையலிலேயே எடையைக் குறைக்க: கலோரிக் கணக்கு முதல் தட்டின் அளவு வரை, படிப்படியாக

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர் முதல் நாளே தட்டில்தான் கை வைக்கிறார்கள். சோற்றைப் பாதியாக்குவார்கள், மூன்று நாள் பசியோடு ஓட்டுவார்கள். நான்காம் நாள் இரவு அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்தில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று விட்டுவிடுவார்கள். நானும் இரண்டு முறை அப்படி விட்டவன்தான்.

கோளாறு மன உறுதியில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, வேலையின் வரிசையே தலைகீழாக இருந்தது. வீட்டுச் சாப்பாட்டில் கலோரி நுழைவது பெரும்பாலும் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றும்போது. தட்டுக்கு வந்த பிறகு அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அளப்பதைப் பாத்திரத்தில் தொடங்கி, தட்டுக்குக் கடைசியாக வர வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் ஒரு நிறுத்தம்

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் அப்படித்தான். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

சாப்பாட்டை எண்ணி எண்ணியே ஒரு காலத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கும் இந்த முறை வேண்டாம். எண்கள் அந்தப் பழக்கத்தை மறுபடி கிளறிவிடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஐந்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று. பாத்திரத்தை வைத்தபடியே பூஜ்ஜியமாக்கும் பட்டன் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். சரியான அளவுள்ள டீஸ்பூன் (5 மில்லி), டேபிள்ஸ்பூன் (15 மில்லி). உடல் எடை பார்க்கும் மெஷின். அப்புறம் ஒரு நோட்டு.

செல்போன் ஆப்பும் சரிதான், ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் உணவுகளைச் சேர்க்கலாம் என்றால் எச்சரிக்கை. ஒரே உணவுக்கு நான்கு விதமான எண்கள் கிடக்கும், நம் கை தானாகவே குறைந்த எண்ணைத் தொடும். "வீட்டுக் குழம்பு, ஒரு கிண்ணம்" போன்ற பதிவுகளைத் தொடவே வேண்டாம். யாருடைய வீடு, எந்தக் கிண்ணம்? அரிசி, எண்ணெய், பருப்பு என்று தனித்தனிப் பொருளாகத் தேடினால் எண்கள் நம்பும்படி இருக்கும்.

இன்னொரு வேலை: நீங்கள் வழக்கமாகச் சமைக்கும் பாத்திரங்களை வெறுமையாக எடை போட்டு எழுதி வையுங்கள். நான் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "பெரிய வாணலி 1,120, குழம்புப் பாத்திரம் 840, குக்கர் மூடியில்லாமல் 1,390". இந்தச் சீட்டு ஏன் என்பது ஆறாம் படியில் தெரியும். அதை இன்றே செய்யாவிட்டால், பாத்திரம் நிறையக் கொதிக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

3. மனதில் நிற்க வேண்டிய எண்கள்

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி. மதுவில் கிராமுக்கு 7. நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரிதான். பாக்கெட்டில் கிலோஜூல் மட்டும் போட்டிருந்தால் 4.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து சமையலறைக்கு வரும் எண்கள் சில. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி, ஒரு டீஸ்பூன் 40. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதேதான். "ஆரோக்கியமான எண்ணெய்" என்பதால் கலோரி குறைந்துவிடாது. சர்க்கரை ஒரு டீஸ்பூன் 16. ஒரு பெரிய முட்டை 70 சொச்சம். கொழுப்பு நீக்காத பால் 100 மில்லிக்கு 60க்குச் சற்று மேல். வேர்க்கடலையோ பாதாமோ 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, ஏறத்தாழ 170. வெள்ளரி, முட்டைக்கோஸ், கீரை, தக்காளி எல்லாம் 100 கிராமுக்கு 15 முதல் 25க்குள்.

மற்றதைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

4. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப்போக நினைக்கும் படி இது. ஏழு நாள், வழக்கம்போலச் சமைத்து, வழக்கம்போலச் சாப்பிடுங்கள். அளந்து எழுத மட்டும் செய்யுங்கள்.

காரணம் இரண்டு. உங்கள் கலோரி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது? நாம் சந்தேகப்படும் பொருள் பெரும்பாலும் நிரபராதியாக இருக்கும். இரண்டாவது, இந்த வாரத்தின் சராசரிதான் ஏழாம் படியில் உங்கள் இலக்கைத் தீர்மானிக்கப் போகிறது.

எழுதுவதைச் சாப்பிடும் முன் எழுதுங்கள். ராத்திரி படுக்கையில் யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் ஆய்வில், டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்னவர்கள் தாங்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் முதல் வார நோட்டும் அப்படித்தான் இருந்தது.

வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்: உப்பு பார்க்கிறேன் என்று வாயில் போட்டுக்கொள்ளும் மூன்று கரண்டி, பிள்ளை தட்டில் விட்டதை வீணாக்காமல் முடிப்பது, டீ. 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த டீ ஏறத்தாழ 95 கலோரி. நாளைக்கு மூன்று என்றால் 280க்கு மேல். ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி!

5. பச்சையாக எடை போடுங்கள்

அரிசி, பருப்பு, இறைச்சி, காய்கறி எதுவானாலும் சமைக்கும் முன் எடை போடுவதே நம்பகமானது. 100 கிராம் வெள்ளை அரிசியில் 360 கலோரி இருக்கிறது. வெந்து தண்ணீர் குடித்ததும் அது 280 கிராம் சோறாகலாம், 300 கிராமும் ஆகலாம். குழைய வேகவிட்டால் இன்னும் கூடும். கலோரி மட்டும் அதே 360. எடை கூடியதெல்லாம் தண்ணீர்.

இறைச்சியில் நேர்மாறு. வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறையும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்கு 120 கலோரி, வெந்த பிறகு 100 கிராமுக்கு 165. கறி அதேதான், சுருங்கிவிட்டது.

இங்கே நடக்கும் தப்பு எப்போதும் ஒரே தப்பு: பச்சையாக எடை போட்டுவிட்டு, பட்டியலில் "வேகவைத்தது" என்ற வரியை எடுத்துக்கொள்வது. 100 கிராம் அரிசியை அப்படி எழுதினால் 360க்குப் பதில் 130 என்று பதிவாகும். தினமும் 230 கலோரி கணக்கிலிருந்து காணாமல் போகும். "எல்லாம் சரியாகத்தான் எழுதுகிறேன், எடை அசையவே இல்லை" என்று நோட்டோடு வந்த ஒரு நண்பரின் சிக்கல் இது ஒன்றுதான். எடை, எண் இரண்டும் பச்சை, அல்லது இரண்டும் வெந்தது. கலக்காதீர்கள்.

6. பாத்திரத்தையே எடை போட்டுப் பங்கு பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்த பிறகு, என் பங்குக்கு எத்தனை கலோரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்க மலைப்பாக இருக்கும், செய்ய இரண்டு நிமிடம்.

ஒரு பருப்புக் குழம்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே போனவை:

- காய்ந்த பருப்பு 200 கிராம்: 700 கலோரி
- எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன்: 360
- உருளைக்கிழங்கு 300 கிராம்: 230
- வெங்காயம் 200 கிராம்: 80
- தக்காளி 250 கிராம்: 45

மொத்தம் 1,415. உப்பையும் தண்ணீரையும் எழுத வேண்டாம், மசாலாப் பொடி ஒன்றிரண்டு ஸ்பூன் என்றால் அதையும் விட்டுவிடலாம்.

குழம்பு இறங்கியதும் பாத்திரத்தோடு தராசில் வையுங்கள். தராசு 2,450 காட்டுகிறது. அலமாரிக் கதவுச் சீட்டில் இந்தப் பாத்திரத்தின் எடை 840. கழித்தால் குழம்பு மட்டும் 1,610 கிராம். 1,415ஐ 1,610ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 88. ஆக, 100 கிராம் குழம்புக்கு 88 கலோரி. உங்கள் தட்டைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கி, குழம்பை ஊற்றுங்கள். 240 கிராம் விழுந்தால் 211 கலோரி. வீட்டில் மற்றவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் கணக்கு கெடாது.

சூடான பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் மேல்பகுதி உருகிவிடும், உள்ளே இருக்கும் சென்சாரும் கெட்டுவிடும். ஒரு மரப்பலகையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, அதன்மேல் பாத்திரம். என் முதல் தராசு இந்தப் பாடத்துக்குக் கட்டணமாகப் போனது.

மறுநாள் சுட வைக்கும்போது தண்ணீர் ஊற்றினால் 100 கிராமுக்கான எண் மாறிவிடும். மிச்சத்தை முதல் நாளே பங்காகப் பிரித்து டப்பாவில் போட்டு, டப்பா மேல் கலோரியை எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அடிக்கடி சமைக்கும் பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களுக்கு ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டு வைத்தால் போதும். எண்ணெயும் அளவும் மாறாத வரை அதே எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தினமும் கணக்குப் போடப்போவதாக நினைத்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். மூன்றாம் வாரத்திலேயே நோட்டைப் புரட்டினால் விடை இருக்கும்.

7. உங்கள் இலக்கு எண்

முதல் வாரச் சராசரி 1,950 கலோரி, அந்த வாரத்தில் எடை பெரிதாக மாறவில்லை என்றால், உங்கள் உடம்பின் தற்போதைய செலவு ஏறத்தாழ அதுதான். அதில் 300 முதல் 400 வரை குறையுங்கள். இலக்கு 1,550 முதல் 1,650.

சூத்திரத்தில் சரிபார்க்க விரும்பினால் இதோ ஒன்று. எடையை (கிலோ) 10ஆல் பெருக்கி, உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் 5 கூட்ட வேண்டும், பெண்கள் 161 கழிக்க வேண்டும். இது உடம்பு சும்மா கிடந்தாலே செலவாகும் கலோரி. உட்கார்ந்த வேலை என்றால் 1.2ஆலும், கொஞ்சம் நடமாட்டம் இருந்தால் 1.375ஆலும் பெருக்குங்கள். 70 கிலோ, 160 சென்டிமீட்டர், 35 வயதுப் பெண்ணுக்கு 1,364 வரும். 1.2ஆல் பெருக்கினால் 1,637. 1.375 என்றால் 1,876.

பெரும்பாலானோர் தங்கள் நடமாட்டத்தைக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள். அந்த ஒரு தேர்விலேயே 240 கலோரி வித்தியாசம் பாருங்கள். அதனால் சூத்திரமும் நோட்டும் முரண்பட்டால் நான் நோட்டை நம்புவேன், அளந்து எழுதியிருந்தால். சூத்திரத்தைவிட நோட்டு மிகவும் குறைவாகக் காட்டினால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நான்காம் படியை இன்னொரு வாரம் செய்யுங்கள்.

மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போக வேண்டாம். வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், பசியும் தாங்காது.

8. முதல் வெட்டு எண்ணெயில்

இலக்கு கிடைத்ததும் சோற்றைக் குறைக்க ஓடாதீர்கள். வயிற்றை நிரப்பாமல் கலோரியை மட்டும் ஏற்றும் பொருள் எண்ணெய். அதைக் குறைத்தால் தட்டு பார்வைக்கு அப்படியே இருக்கும்.

அரை கிலோ பீன்ஸில் 155 கலோரிதான். பாட்டிலைச் சாய்த்து நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு வதக்கினால் மொத்தம் 635. அதாவது அந்தப் பொரியலில் முக்கால்வாசி கலோரி எண்ணெய். "காய்தானே" என்று எழுதாமல் விடுவது இதைத்தான். ஒன்றரை டேபிள்ஸ்பூனில் முடித்தால் 335.

எப்படி முடிப்பது? அடி கனமான, அகலமான பாத்திரம் எடுங்கள். பாத்திரம் நன்றாகச் சூடான பிறகே எண்ணெய் விடுங்கள், அப்போது கொஞ்ச எண்ணெயே அடி முழுக்கப் பரவும். வெங்காயத்தோடு உப்பைப் போட்டுவிட்டால் அது தண்ணீர் விட்டு, அந்த ஈரத்திலேயே வதங்கும். ஒட்டுகிற மாதிரி தெரிந்தால் கை எண்ணெய் பாட்டிலுக்குப் போகும். அங்கேதான் நிற்க வேண்டும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, தீயைக் குறையுங்கள்.

எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றுவது மட்டுமே பாதி வெற்றி. என் "ஒரு சொட்டு" அளந்து பார்த்தபோது 30 மில்லி இருந்தது.

வீட்டின் மொத்த எண்ணெய்ச் செலவைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு, யாருடைய ஞாபகமும் தேவையில்லை. புதுப் பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம், 8,280 கலோரி. நான்கு பேர் பத்து நாளில் தீர்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 207 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். ஏழு நாளில் தீர்த்தால் 296. உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணெய் இதில் பாதிகூட இல்லை என்றால், ஊற்றியது ஒன்று, எழுதியது ஒன்று.

எண்ணெயில் பொரிப்பதற்கு: பொரிக்கும் முன்னும், ஆறிய பின்னும் எண்ணெயை எடை போடுங்கள். குறைந்த கிராமை 9ஆல் பெருக்கிப் பொரித்த மொத்தத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காகிதத்தில் ஒட்டிப்போயிருக்கும், பரவாயில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கு ருசி குறைகிறது என்றால், பாத்திரத்தில் குறைவாக ஊற்றிச் சமைத்துவிட்டு, அவர்கள் தட்டில் மேலே ஒரு ஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ விட்டுக்கொள்ளட்டும். சண்டை வராது.

9. அப்புறம்தான் தட்டு

எண்ணெயும் டீச் சர்க்கரையும் குறைந்த பிறகு இன்னும் 100, 150 கலோரி இலக்குக்கு மேல் நின்றால், இப்போது தட்டுக்கு வரலாம்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு சோறோ ரொட்டியோ கிழங்கோ. காயை முதலில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அதற்கு இடமே மிஞ்சாது. உருளைக்கிழங்கைக் காய்ப் பாதியில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் பங்காளி.

புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எதுவோ, ஒவ்வொரு வேளையும் ஒன்று இருக்கட்டும். வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், தசையும் காப்பாற்றப்படும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராம் புரதம் என்று குறி வைக்கலாம்.

பரிமாறுவதை அடுப்படியிலேயே முடித்து, மிச்சத்தை மூடி வைத்துவிட்டு உட்காருங்கள். பாத்திரம் எதிரே இருந்தால் பேச்சுவாக்கில் கரண்டி இறங்கும். சின்னத் தட்டு வாங்கினால் சாப்பாடு தானாகக் குறையும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னத் தட்டிலும் மலைபோலக் குவிக்கலாம், குவித்திருக்கிறேன். எப்போதும் ஒரே கரண்டி என்பதுதான் வேலை செய்கிறது. அந்தக் கரண்டியில் சோறு எத்தனை கிராம் விழும் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால், தராசு இல்லாத நாளிலும் கை தடுமாறாது.

10. உடல் எடையைப் பார்க்கும் விதம்

தினமும் காலையில், கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன். எழுதுங்கள், ஆனால் அந்த எண்ணுக்காகச் சந்தோஷமோ துக்கமோ வேண்டாம். ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

முதல் நாள் உப்பு கூடினாலோ மாவுச்சத்து கூடினாலோ மறுநாள் ஒரு கிலோ ஏறிவிடும். அது தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும், ஒரு ராத்திரியில் அது நடக்காது. இதே காரணத்தால் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாலும் கொண்டாட வேண்டாம். மாதவிடாயை ஒட்டி எடை ஏறுபவர்கள், போன மாதம் அதே கட்டத்தில் இருந்த சராசரியோடு ஒப்பிடுவதே நியாயம்.

தினம் 400 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 300 கிராம் முதல் 400 கிராம் வரை எதிர்பார்க்கலாம். கேட்கச் சப்பென்று இருக்கும்.

11. எடை அசையாமல் நின்றால்

மூன்று வாரச் சராசரி நகரவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் சாப்பாட்டை உடனே குறைக்காதீர்கள். முதலில் ஒரு வாரம் மறுபடி கறாராக அளந்து எழுதுங்கள். பெரும்பாலும் எண்ணெய் ஸ்பூன் மறுபடி பாட்டிலாக மாறியிருக்கும், அல்லது சனி, ஞாயிறு நோட்டில் இருக்காது.

உடற்பயிற்சி செய்து "எரித்த" கலோரியைச் சாப்பாட்டில் திருப்பிச் சேர்த்துக்கொள்வது இன்னொரு காரணம். கையில் கட்டும் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிச் சாப்பிடாதீர்கள்.

கணக்கு சுத்தமாக இருந்தும் நிற்கிறதா? உங்கள் உடம்பு சிறிதாகிவிட்டது. மேலே சொன்ன சூத்திரத்தில் 10 கிலோ குறைந்தாலே 100 கலோரி குறையும், நடமாட்டத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். புது எடைக்குப் புது இலக்கு போடுங்கள். அது ஏழாம் படியில் சொன்ன கீழ் எல்லையைத் தொட்டால், அங்கே நிறுத்திவிட்டு நடையைக் கூட்டுங்கள்.

12. தராசை அலமாரிக்கு அனுப்புவது

வாழ்நாள் முழுக்க யாரும் எடை போட்டுச் சாப்பிட முடியாது. இரண்டு மூன்று மாதத்தில் கண் பழகிவிடும். பழகியதா என்று சோதிக்க, தட்டில் சோற்றை வைத்து, எத்தனை கிராம் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தராசில் பாருங்கள். ஐந்து முறையில் நான்கு முறை 20 கிராம் வித்தியாசத்துக்குள் வந்தால், சோற்றுக்குத் தராசு வேண்டாம். காய்கறிக்கு எப்போதுமே பெரிதாகத் தேவைப்படாது.

எண்ணெய், வெண்ணெய், கடலை வகைகள் மட்டும் விதிவிலக்கு. இவற்றில் கண் ஏமாறிக்கொண்டே இருக்கும், எனக்கு இன்றும் ஏமாறுகிறது. அந்த டேபிள்ஸ்பூன் மட்டும் எண்ணெய் பாட்டில் பக்கத்திலேயே தொங்கட்டும்.